முற்றிய கழியைத் தேடுங்கள்: அமெரிக்கத் தென்கிழக்கில் அம்புக்கான ரிவர் கேன்

கேன் என்றதும் நம் ஆட்களுக்குக் கரும்பு நினைவுக்கு வரும். இல்லையென்றால் வாத்தியார் கையில் இருந்த பிரம்பு. ஜார்ஜியா, டென்னசி, கரோலினா பக்கம் ‘ரிவர் கேன்’ என்று சொல்வது இரண்டுமே இல்லை. அது மூங்கில். மெக்சிகோவுக்கு வடக்கே, வட அமெரிக்காவுக்குச் சொந்தமான மூங்கில் பேரினம் ஒன்றுதான் உண்டு, பெயர் அருண்டினாரியா. அதில் வளர்த்தியான இனம் இந்த ரிவர் கேன். செரோக்கி, சாக்டா, சிக்கசா பழங்குடி மக்கள் கூடை முடைந்ததும், சிற்றம்பை ஊதி எய்யும் ஊதுகுழல் செய்ததும், வில்லுக்கு அம்பு செய்ததும் இதில்தான். 1539 முதல் 1543 வரை இந்தப் பகுதியில் அலைந்த டி சோட்டோவின் ஸ்பானியப் படை அந்த அம்புகளிடம் நன்றாகவே அடிபட்டிருக்கிறது. சங்கிலிக் கவசத்தில் பட்ட கழி பிளந்து, அந்தப் பிளவுகள் வளையங்களுக்குள் புகுந்து காயப்படுத்தின என்று படையோடு வந்த ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்.

நம் மொழியிலும் இதற்கு ஒரு தொடர்பு இருக்கிறது. ‘சரம்’ என்றால் அம்பு. நாணலுக்கும் அதே பெயர். சரவணப் பொய்கை என்பது நாணல் காட்டுக்கு நடுவே இருந்த பொய்கை. அம்பு புல்லிலிருந்து வந்தது என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. மூங்கிலும் புல்தானே.

புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்றுதான். நானும் அதைத்தான் செய்தேன். ஓடைக்கரையில் பச்சைப் பசேல் என்று, அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல நிற்கும் கழிகளைப் பார்த்ததும் வாய் பிளந்து நாற்பது கழி வெட்டிக்கொண்டு வந்தேன். மூன்று வாரத்தில் அத்தனையும் வற்றல்போலச் சுருங்கிவிட்டன. அவ்வளவும் அந்த வருடம் முளைத்த இளசுகள். நேராக இருப்பதைத் தேடாதீர்கள், முற்றியதைத் தேடுங்கள். கோணலை நெருப்பில் காட்டி நிமிர்த்திவிடலாம். வெட்டிய இளசை முற்ற வைக்க வழியே கிடையாது.

இது ரிவர் கேன்தானா?

அமெரிக்கத் தென்கிழக்கில் சாலையோரம் நிற்கும் மூங்கிலில் பெரும்பகுதி வெளிநாட்டு மூங்கில். அதிகம் ஏமாற்றுவது ‘கோல்டன் பாம்பூ’. 1882இல் அலபாமாவில் கொண்டுவந்து வைத்தார்கள்; இப்போது பிடுங்கி மாளவில்லை. இதை அடையாளம் காணக் கிளைகளைப் பாருங்கள். ஒவ்வொரு கணுவிலும் இரண்டு கிளை, ஒன்று பருத்தும் ஒன்று மெலிந்தும், கழியை விட்டு விலகி நீட்டிக்கொண்டு நிற்கும். கிளை வந்த பக்கத்தில் கணுவுக்குக் கணு ஆழமான பள்ளம் ஓடும். விரலால் தடவினாலே தெரியும். அடிப்பக்கத்துக் கணுக்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு முண்டு முண்டாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது கோல்டன் பாம்பூதான்.

ரிவர் கேனில் கிளைகள் குட்டையானவை. பழைய கழியில் ஒரு கணுவிலிருந்து பல கிளைகள் விசிறிபோலக் கிளம்பி, கழியோடு ஒட்டினாற்போல மேல்நோக்கி நிற்கும். கிளைக்கு மேலே லேசான பள்ளம் இருக்கலாம், அவ்வளவுதான். கீழ்ப்பகுதி நல்ல உருண்டை. புதுக் கழியின் உச்சியில் இலைகள் ஒன்றாகச் சேர்ந்து கொண்டைபோல விரிந்திருக்கும். ரிவர் கேன் கொண்டையில் ஆறிலிருந்து எட்டு இலை. இந்தக் கொண்டையை ஒருமுறை பார்த்துப் பழகிவிட்டால் ஓடும் காரிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். (ஓட்டுபவர் நீங்களாக இருந்தால் வேண்டாம்.)

இதற்குத் தங்கைகள் இரண்டு உண்டு. ‘ஸ்விட்ச் கேன்’ பெரும்பாலும் இரண்டரை மீட்டருக்குள்ளேயே நின்றுவிடும். கொண்டையில் ஒன்பது முதல் பன்னிரண்டு இலை. கழியைப் போர்த்தியிருக்கும் இலையுறைகள் சீக்கிரம் உதிராது. கடலோரச் சமவெளிச் சதுப்புகளில் அதிகம். பருத்தது கிடைத்தால் அம்பு செய்யலாம், ஆனால் தேட வேண்டும். ‘ஹில் கேன்’ மலைச்சரிவில் இடுப்பளவு வளர்ந்து, இலையுதிர்காலத்தில் இலையைக் கொட்டிவிடும். 2006இல்தான் இதைத் தனி இனமாக விவரித்தார்கள். அம்புக்கு ஆகாது.

அப்புறம் ஃபிராக்மைட்டிஸ், ஜயண்ட் ரீட் என்ற நாணல் வகைகள். இவற்றின் உச்சியில் வெண்சாமரம்போலப் பூக்கொத்து ஆடும். இலைகள் நேராகத் தண்டிலிருந்தே நீளும்; மூங்கிலைப்போல மரத்தன்மையுள்ள கிளைகள் கிடையாது. ரிவர் கேன் இப்படி ஆண்டுதோறும் பூக்காது. பல பத்தாண்டுக்கு ஒருமுறை பூக்கும். பூத்த புதர் பெரும்பாலும் செத்துப்போகும். ஆகவே வருடாவருடம் சாமரம் ஆடினால் அது நாணல். தோட்டங்களில் வளர்க்கும் ஜப்பானிய ‘யடாகே’ மூங்கிலும் அங்கங்கே தென்படும். ஒரு கணுவுக்கு ஒரே கிளை, இலை பெரியது. ஜப்பானியர் அம்பு செய்வதே அதில்தான் என்பதால், தோட்டக்காரர் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

ஒன்று சொல்லவா? முதல் தடவை நெருப்பில் நிமிர்த்திப் பழகுவதற்குக் கோல்டன் பாம்பூவையே வெட்டிக்கொண்டு வாருங்கள். அது அடங்காமல் பரவுகிற மூங்கில். யார் வீட்டுக் கொல்லையில் நின்றாலும் ‘எடுத்துக்கொண்டு போ’ என்று கும்பிடுவார்கள். பத்து கழியைக் கருக்கிய பிறகு ரிவர் கேனுக்குப் போகலாம்.

எங்கே தேடுவது

ஒரு காலத்தில் இந்தப் புதர்கள் ஆற்றுப் படுகை நெடுக மைல் கணக்கில் கிடந்தன. ‘கேன்பிரேக்’ என்பது அவற்றின் பெயர். செழிப்பான வண்டல் மண்ணின் அடையாளம் இந்தப் புதர் என்று குடியேறியவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. வெட்டி உழுதார்கள். மிச்சத்தை மாடும் பன்றியும் மேய்ந்தன. பழங்குடிகள் அவ்வப்போது வைத்துவந்த தீயும் நின்றுபோனதால் மரங்கள் வந்து மூடின. பழைய பரப்பில் 98 சதவீதம் போய்விட்டது என்பது மதிப்பீடு. கேன்பிரேக்கை நம்பியிருந்த பாக்மன்ஸ் வார்ப்ளர் என்ற சிறு மஞ்சள் குருவி அழிந்துவிட்டதாக 2023இல் அரசே அறிவித்துவிட்டது. இன்று கிடைப்பதெல்லாம் துண்டு துண்டான திட்டுகள்தான்: ஓடைக்கரை, பாலத்தடி, வயல் வரப்பு, வேலியோரம்.

தேடலை வரைபடத்தில் தொடங்குங்கள். புதர் போனாலும் பெயர் போகவில்லை. கேன் கிரீக் என்ற பெயரில் தென்கிழக்கில் எத்தனையோ ஓடைகள் இருக்கின்றன. டென்னசியில் கேனி ஃபோர்க் ஆறு, கென்டக்கியில் கேன் ரிட்ஜ். அந்தப் பெயர் உள்ள ஓடைகளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் மற்றவர்கள் பதிந்த இடங்களும் கிடைக்கும். ஆனால் அதில் கோல்டன் பாம்பூவை ரிவர் கேன் என்று ஏற்றியவர்களும் உண்டு. படத்தில் கிளையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நேரில் தேட நல்ல காலம் ஜனவரி. ரிவர் கேன் குளிரிலும் இலை உதிர்க்காது. சுற்றியுள்ள மரங்கள் மொட்டையாக நிற்கும்போது ஆற்றோரம் பச்சைத் திட்டு பளிச்சென்று தெரியும். குளிர்காலத்தில் எடுத்த செயற்கைக்கோள் படத்திலும் இதே கதைதான். பச்சையாகத் தெரிவதில் பாதி சைனீஸ் பிரிவெட் என்ற வேலிச்செடியாக இருக்கும். அலுத்துக்கொள்ளாதீர்கள். கயாக்கில் போகத் தெரிந்தவர்களுக்கு இது இன்னும் சுலபம். சாலையிலிருந்து தெரியாத கரைகள் எல்லாம் தண்ணீரிலிருந்து தெரியும்.

அனுமதி

இதில் விளையாட்டு வேண்டாம். தேசியப் பூங்காவில் செடியை வெட்டக் கூடாது. மாநிலப் பூங்காவிலும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேசியக் காடுகளில் அந்த வட்டார ரேஞ்சர் அலுவலகத்தில் கேட்டு, அனுமதிச் சீட்டு தந்தால் மட்டுமே வெட்டலாம். நடைமுறையில் நமக்கு உகந்தது தனியார் நிலம். கதவைத் தட்டுங்கள், யார், எதற்கு என்று சொல்லுங்கள், நாலு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்ட இடங்களில் பாதிக்கு மேல் சரி என்றார்கள். அடுத்த முறை போகும்போது முடித்த அம்பு ஒன்றைக் கொடுத்துவிட்டால், அப்புறம் அவர்களே கூப்பிட்டுச் சொல்வார்கள்.

கூடை முடையும் செரோக்கிக் கலைஞர்கள் நல்ல கழிக்காக வெகுதூரம் பயணம் செய்கிற நிலைமை இருக்கிறது. அவர்கள் எடுக்கும் புதர் என்று தெரிந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அவர்களுக்கு வேண்டியது பருத்த, உயரமான கழி. நமக்கு வேண்டியது மெல்லியது.

எப்போது, எப்படிப் போவது

ஊரில் மூங்கிலைத் தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பார்கள். பிறையைப் பற்றி நான் வாதம் செய்யமாட்டேன். பருவம் முக்கியம் என்பது மட்டும் நிச்சயம். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் வெட்டுங்கள். வளர்ச்சி ஓய்ந்த குளிரில் கழியில் சாறு குறைவு. துளைக்கும் வண்டுகளின் நடமாட்டமும் குறைவு.

இன்னொரு காரணம் பாம்பு. இந்தப் புதரின் பெயரையே வைத்துக்கொண்டு ‘கேன்பிரேக் ரேட்டில்ஸ்நேக்’ என்று ஒன்று இருக்கிறது. தண்ணீரோரத்தில் காட்டன்மவுத் வேறு. குளிரில் அவை ஒடுங்கியிருக்கும். ஆனாலும் வெயில் ஏறிய நாளில் கை வைக்கும் முன் பார்த்து வையுங்கள். முழங்கால் வரை பூட்ஸ், கையுறை. பாய்சன் ஐவி கொடி குளிரில் இலையில்லாமல் மரத்தில் ரோமக் கயிறுபோல ஒட்டிக்கிடக்கும். தொட்டால் அப்போதும் அரிக்கும். அது சுற்றிய சருகைக் கொளுத்திக் குளிர்காயவே கூடாது, புகை நெஞ்சுக்குள் போய்விடும். மான் வேட்டைப் பருவமும் இதே மாதங்களில்தான் என்பதால் ஆரஞ்சு நிற மேலாடை போட்டுக்கொண்டுதான் புதருக்குள் நுழைய வேண்டும்.

முற்றல் எது, இளசு எது

மூங்கில் மரம்போல ஆண்டுக்கு ஆண்டு பருப்பதில்லை. வசந்தத்தில் குருத்து எந்தப் பருமனில் வெளிவருகிறதோ அதுவேதான் கடைசி வரை. ஒரே பருவத்தில் முழு உயரத்தையும் எட்டிவிடும். அதன் பிறகு உள்ளே சுவர் இறுகுகிற வேலை மட்டும்தான். ஆகவே பருமனைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் சுண்டுவிரல் பருமனும் கட்டைவிரல் பருமனும் ஒரே வயதாக இருக்கலாம்.

இந்த வருடத்துக் கழி பளபளவென்று பச்சை. உறைகள் இன்னும் கழியைக் கவ்வியிருக்கும், கணுவுக்குக் கீழே வெண்மாவு பூசினாற்போல இருக்கும், கிளை அதிகம் இருக்காது. இதைத் தொடாதீர்கள். இரண்டு மூன்று வயதுக் கழியில் கீழ் உறைகள் உதிர்ந்தோ மக்கியோ இருக்கும். பச்சை மங்கி மஞ்சள் கலந்திருக்கும். கிளையிலிருந்து கிளை பிரிந்திருக்கும். நகத்தால் சுண்டினால் இளசு ‘டொப்’ என்று சொத்தையாகக் கேட்கும். முற்றியது ‘டிங்’ என்று எலும்பைத் தட்டினாற்போல ஒலிக்கும். காது பழக நாலைந்து கழி போதும். சாம்பல் நிறமாகி, இலையே இல்லாமல் நிற்பது செத்த கழி. ஏற்கெனவே காய்ந்ததுதானே என்று ஆசைப்பட்டு எடுத்தால் வில்லில் ஏற்றியதும் உடையும்.

பருமனுக்கு என் வழி இது. ஒரு மரத்துண்டின் ஓரத்தில் 9 மி.மீ., 12 மி.மீ. அகலத்தில் இரண்டு வெட்டுகள் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். நிற்கும் கழியின் நடுப்பகுதியில் வைத்துப் பார்ப்பேன். பெரிய வெட்டில் நுழைந்து சின்னதில் நுழையாவிட்டால் அது என் கழி. நாற்பது, ஐம்பது பவுண்டு விசையில் இழுக்கும் வில்லுக்கு இது சரியாக இருக்கிறது. மெல்லிய கழிகள் புதரின் ஓரங்களில்தான் அதிகம். நடுவில் நிற்கும் தடியன்கள் ஊதுகுழலுக்கு. கணுக்களுக்கு நடுவே இடைவெளி நீளமாக உள்ளதையே எடுங்கள். கணு குறைந்தால் நெருப்பு வேலையும் குறையும்.

வெட்டுவது

கவாத்துக் கத்தரி அல்லது சிறு ரம்பம் போதும். தரையை ஒட்டிய ஒரு கணுவுக்குச் சற்று மேலே, மட்டமாக வெட்டுங்கள். சாய்த்து வெட்டினால் மிச்சம் நிற்பது ஈட்டி. அடுத்து வருபவர் காலில் ஏறும். கணுவுக்கு மேலே நீளமாக விட்டாலோ அதில் தண்ணீர் தேங்கிக் கொசு வளரும். வேரைப் பிடுங்கவே கூடாது. புதரின் உயிர் மண்ணுக்குள் ஓடும் தண்டில்தான் இருக்கிறது. நான் ஒரு திட்டில் பத்துக்கு ஒன்றுக்கு மேல் எடுப்பதில்லை.

ஒரு டஜன் அம்புக்கு முப்பது கழி என்று கணக்கு வையுங்கள். வெடிப்பது, கருகுவது, எடை பொருந்தாதது என்று பாதிக்கு மேல் கழிந்துவிடும். நீளம் ஒரு மீட்டர். அம்புக்கு அவ்வளவு வேண்டாம்தான், ஆனால் காயும்போது நுனிகள் வெடிக்கும். அங்கேயே எது அடி, எது நுனி என்று அடிப்பக்கத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். உறையை உரித்துவிட்டு, கிளைகளை அரை அங்குலம் விட்டு நறுக்குங்கள். இப்போதே ஒட்ட வெட்டினால் தோல் கிழியும், அதை முழுதும் காய்ந்த பிறகு செய்யலாம்.

காய வைப்பதும் நிமிர்த்துவதும்

பத்துப் பத்தாக இறுக்கிக் கட்டி, நிழலில், காற்றோட்டமான இடத்தில் நான்கிலிருந்து ஆறு வாரம். கழி சுருங்கச் சுருங்கக் கட்டு தளரும், வாரம் ஒருமுறை இறுக்குங்கள். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் வெடிக்கும். முழுதும் காயாமல் நெருப்பில் காட்டினால் கணுக்களுக்கு நடுவே அடைபட்ட ஆவி வேட்டுப்போல வெடிக்கும். பக்கத்துவீட்டுக்காரர் துப்பாக்கிச் சத்தம் என்று நினைத்து வெளியே வந்து பார்த்ததெல்லாம் நடந்திருக்கிறது.

நிமிர்த்தக் கரி அடுப்பு, கேம்ப் ஸ்டவ், ஹீட் கன் எதுவும் சரி. கழியை உருட்டிக்கொண்டே, முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே சூடேற்றுங்கள். தோலில் மெழுகு கசிந்து மினுமினுக்கத் தொடங்கும். கை வைக்க முடியாத சூடு. அதுதான் பதம். வளைவுக்கு எதிர்ப்பக்கம், நேர்க்கோட்டைச் சற்றே தாண்டி வளைத்து, ஆறும்வரை அப்படியே பிடித்திருங்கள். அரை நிமிடம் ஆகும். முதலில் கணுக்களுக்கு நடுவே உள்ள வளைவுகள், பிறகு கணுக்களில் உள்ள கோணல்கள். மாற்றிச் செய்தால் இரட்டை வேலை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழியின் நீளவாக்கில் பார்த்துப் பார்த்துச் செய்யுங்கள். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் சில கழிகள் பழைய கோணலுக்கே கொஞ்சம் திரும்பியிருக்கும். மறுபடியும் நெருப்பு. கணுவின் மேட்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம், ஆனால் தோலைச் சீவக் கூடாது. கழியின் பலமே அந்தத் தோல்தான்.

அம்பாக்குவது

மீதி வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பருத்த அடிப்பக்கம் அம்பின் முன்னால் வரும், மெலிந்த நுனிப்பக்கம் நாணுக்கு. நாண் பக்கத்தில் ஒரு கணுவைத் தாண்டி ஒன்றரை செ.மீ. விட்டு வெட்டி, அந்த முனையில் 8 மி.மீ. ஆழத்துக்கு நாண் அமரும் பள்ளம் எடுங்கள். அடியில் கணு இருப்பதால் பிளவு கீழே ஓடாது. பள்ளத்துக்குக் கீழே மான் நரம்பால் சுற்றிக் கட்டுங்கள். கிடைக்காதவர்களுக்கு மெழுகு நூல். முன்பக்க ஓட்டைக்குள் டாக்வுட் போன்ற கடின மரத்தில் சீவிய முன்கட்டையை நாலைந்து செ.மீ. செருகி, கழியின் வாயையும் சுற்றிக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் முதல் அடியிலேயே வாய் பிளந்துவிடும். செரோக்கி முறையில் இரண்டே வான்கோழி இறகு போதும்.

விறைப்பு சரியா என்று பார்க்க, 26 அங்குல இடைவெளியில் இரண்டு முளைகள்மேல் கழியைக் கிடத்தி நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிடுங்கள். எத்தனை அங்குலம் தொய்கிறதோ அதால் 26ஐ வகுத்தால் எத்தனை பவுண்டு வில்லுக்கு அது பொருந்தும் என்று தோராயமாகத் தெரியும். அரை அங்குலம் தொய்ந்தால் 52. ஒரே அளவு வருபவற்றை ஒரு கட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

எய்வதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் கழியைக் காதருகே வைத்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். ‘கிரிச்’ என்று கேட்டால் அடுப்பில் போடுங்கள். விரிசல் விட்ட கழி வில்லிலிருந்து கிளம்பும்போது உடைந்து கையைத்தான் குத்தும்.

ஏப்ரலில் அதே புதருக்கு ஒரு நடை போய்வாருங்கள். நீங்கள் வெட்டிய இடத்தைச் சுற்றிக் குருத்துகள் கிளம்பியிருக்கும். உங்கள் பருமனுக்குப் பொருந்தும் பத்துப் பன்னிரண்டு குருத்தில் அந்த ஆண்டுக்கென்று ஒரு நிறத் துணியைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். அடுத்த வசந்தத்தில் வேறு நிறம். மூன்றாவது குளிர்காலத்தில் கத்தரியோடு போகும்போது சுண்டிப் பார்க்கிற வேலையே இருக்காது, முதலில் கட்டிய நிறத்தைத் தேடினால் போதும்.